சாவி ஆனில் இருந்தாலும் பம்ப் நிற்கணும்: கேள்வி பதில்

தர்மபுரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய எஞ்சினை வைத்துச் சொந்தமாக வண்டி கட்டுகிறவர்கள் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் பற்றிக் கேட்டதும், நான் சொன்னதும் இது.

காவேரிப்பட்டணம், மாந்தோப்புக்காரர்: அண்ணே, தோப்புக்குள்ள காய் ஏத்த பழைய மாருதி 800 எஞ்சின்ல ஒரு வண்டி கட்டியிருக்கேன். கார்புரேட்டர் எஞ்சின். பழைய பம்ப் போச்சு, எலக்ட்ரிக் பம்ப் வாங்கி சாவி ஒயர்லயே நேரா கொடுத்துட்டேன். நல்லா ஓடுது. போதும்தானே?

ஓடும். எப்போது நிற்கும்? பழைய மெக்கானிக்கல் பம்பை எஞ்சினின் கேம் தள்ளணும். எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். உங்கள் இணைப்பில் எஞ்சின் நின்றாலும் சாவி ஆனில் இருக்கிற வரை பம்ப் அடித்துக்கொண்டே இருக்கும். வரப்பில் ஏறி வண்டி கவிழ்ந்து ஹோஸ் பிடுங்கிக்கொண்டால், டேங்கில் இருக்கிற பெட்ரோல் அத்தனையும் சூடான சைலன்சர் மேல்தான். அந்த நேரத்தில் யார் சாவியைத் தேடுவார்கள்?

ஒரு ரிலே போடுங்கள். உள்ளே இருக்கிற காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் பம்ப் லைனைச் சேர்க்கிற ஸ்விட்ச் அது. கீழே சொல்கிற எண்கள் அதன் கால்களில் எழுதியிருக்கும்; 85-ம் 86-ம் காயிலின் இரண்டு முனை. 30-க்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக லைன், 87-லிருந்து பம்புக்கு, 85 எர்த். 86-க்குச் சாவி லைனை நேராகக் கொடுக்காதீர்கள். மூன்று முனை ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகக் கொடுங்கள். அதில் ஒரு முனைக்குச் சாவி லைன், இன்னொன்றுக்கு செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கரண்ட் வரும் லைன், மூன்றாவது 86-க்கு. செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடும். ஆயில் பிரஷர் ஏறியதும் ஸ்விட்ச் சாவி லைனுக்கு மாறிக்கொள்ளும். எஞ்சின் நின்றால் பிரஷர் இறங்கும், ரிலே விட்டுவிடும், பம்ப் நிற்கும்.

பாலக்கோடு, மெக்கானிக்: மூணு முனை ஸ்விட்ச் இங்க கிடைக்கலண்ணே. ஆயில் லைட்டுக்கு இருக்கிற ஒத்தை முனை ஸ்விட்சையே அஞ்சு கால் ரிலேல 87ஏ-ல, அதான் காயிலுக்குக் கரண்ட் இல்லாதப்ப சேர்ந்திருக்கிற கால்ல, பம்ப் வர்ற மாதிரி பண்ணினா வேலை ஆகுது.

ஆகும், நானும் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை. காரணம் சொல்கிறேன். லைட்டு ஸ்விட்ச் பிரஷர் இல்லாதபோது எர்த் ஆகும், பிரஷர் வந்தால் விடும். அதாவது உங்கள் ரிலேயில் காயிலுக்குக் கரண்ட் போனால் பம்ப் நிற்கும், போகாவிட்டால் ஓடும். மோதலில் அந்த ஒற்றை ஒயர் அறுந்தால் ரிலே என்ன நினைக்கும்? எஞ்சின் நல்லா ஓடுகிறது என்று நினைத்துப் பம்பை ஓட்டும். ஒயர் அறுந்தால் பம்ப் நிற்கிற மாதிரிதான் இணைப்பு இருக்கணும்.

பிரஷர் வந்தால் சேர்கிற இரண்டு முனை ஸ்விட்ச் போடுங்கள். அதன் இரண்டு முனைகளையும் இணைக்கிற மாதிரி, விரலை எடுத்தால் தானே விடுகிற ஒரு புஷ் பட்டன். பட்டனை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்து, ஆயில் லைட் அணைந்ததும் விட்டால் போதும். பட்டன் வேண்டாம் என்று செல்ஃப் ஒயரையும் ஆயில் ஸ்விட்ச் ஒயரையும் 86-ல் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். ஒரு ஜீப்பில் நான் அப்படி முறுக்கினேன். ஸ்டார்ட் ஆன பிறகும் கரண்ட் திரும்பிப் போய் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தது. பேட்டரி முனையைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். புது செல்ஃப் மோட்டார் என் செலவு. நடுவில் ஒரு டையோடு, அதாவது கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற பாகம், வைத்திருந்தால் தப்பித்திருப்பேன்.

ஓசூர், பொறியியல் மாணவர்: அண்ணா, எங்களுது எம்பிஎஃப்ஐ எஞ்சின், கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் பீய்ச்சுறது. 15 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகுது. 30 போட்டா நிக்குது. அப்படியே விடலாமா?

வேண்டாம் தம்பி. ஃப்யூஸ் பம்பைக் காக்க இல்லை, ஒயரைக் காக்க. 30 போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் எரியும். அந்த மாதிரி பம்ப் பெரும்பாலும் 5 முதல் 8 ஆம்பியர்தான் இழுக்கும்; 15 போகிறதென்றால் வேறெங்கோ கோளாறு. சேசிஸ் ஓட்டைக்குள் ஒயர் போகிற இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறதா பாருங்கள், அங்கேதான் உரசும். அடுத்து ஃபில்டர், அடைத்திருந்தால் பம்ப் திணறி அதிகம் இழுக்கும்.

ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். 1 சதுர மில்லிமீட்டரில் 4 மீட்டர் தூரம், 7 ஆம்பியர் என்றால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் இருக்கிற ஒயருக்குக் காவலே கிடையாது.

உங்களுக்கு ஆயில் ஸ்விட்ச் தேவையில்லை. ரிலேயை ஈசியு-வே, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்டியே, ஓட்டட்டும். சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி பம்பை ஓட்டி நிறுத்தும். எஞ்சின் சுற்றினால்தான் மறுபடி ஓட்டும். சோதிக்கிறேன் என்று அதை பைபாஸ் செய்துவிட்டு அப்படியே மறந்துவிடாதீர்கள்.

அரூர்: எம்பிஎஃப்ஐ பம்பை கார்புரேட்டருக்குப் போடலாமா?

கூடாது. அது சுமார் 3 பார் அழுத்தம். கார்புரேட்டருக்கு 3, 4 பிஎஸ்ஐ போதும், அதாவது கால் பார் அளவு. கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற நீடிலைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வெளியே வழியும்.

தர்மபுரி, பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்: எலக்ட்ரிக் பம்பை எஞ்சின் பக்கத்துல வச்சிருக்கேன். சித்திரை வெயில்ல சேலத்துல இருந்து வர்றப்ப தொப்பூர் ஏத்தத்துல நின்னுடுது. ஈரத்துணி போட்டா கிளம்புது.

ஈரத்துணி நம் அப்பாக்கள் காலத்து வைத்தியம். மெக்கானிக்கல் பம்புக்கு வேறு வழியில்லை, எஞ்சின் மேலேதான் உட்காரணும். எலக்ட்ரிக் பம்புக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. அது தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோம்பேறி. முன்னாலிருந்து உறிஞ்சும்போது லைனில் அழுத்தம் குறைந்து, சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டுகிறது. டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். ரப்பர் புஷ்ஷில் மாட்டினால் பாடி எர்த் கிடைக்காது. எர்த்துக்குத் தனி ஒயர் இழுங்கள். ஹோஸையும் மாற்றிவிடுங்கள். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது.

பென்னாகரம், ஒரு இல்லத்தரசி: எங்க வீட்டுக்காரர் போர்டிகோவுலதான் இந்த வேலை பண்றார். பக்கத்துலயே சமையல்கட்டு. பயமா இருக்குங்க.

பயம் நியாயம்தான் அம்மா. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்பு வரைக்கும் வரும். வண்டியை வெளி வாசலுக்குத் தள்ளச் சொல்லுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகுதான் ஸ்பேனர் எடுக்கணும். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கணும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மிதந்துகொண்டே எரியும்.

கிருஷ்ணகிரி: இடிச்சா தானா கட் ஆகிற ஸ்விட்ச் இருக்குதாமே? அது போட்டா ரோட்டுல ஓட்டலாமா?

இருக்கிறது. ஃபோர்டு, ஃபியட் வண்டிகளில் வந்திருக்கிறது, பழைய இரும்புக் கடையில் தேடலாம். ரிலேக்கும் பம்புக்கும் நடுவில், 87 லைனில் போடுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டாலும் இது வெட்டிவிடும். ரோடு வேறு விஷயம். பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சொந்த நிலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம், மறுபடியும்: எல்லாம் மாட்டிட்டேண்ணே. சரியா இருக்குதான்னு எப்படிப் பார்க்கிறது?

பம்பின் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள், 21 வாட். பம்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும். சாவி போட்டால் எரியக்கூடாது. செல்ஃப் அடித்தால் எரியணும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கிற பெட்ரோலில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், பல்பும் எரியும். பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்போது சாவியைத் தொடாதீர்கள். சில விநாடியில் பல்பு அணைந்தால் பம்பை மாட்டுங்கள். அணையவில்லை என்றால் வண்டியைப் பட்டறைக்குக் கட்டி இழுத்து வாருங்கள். ஓட்டி வர வேண்டாம்.