மாஃபியா இல்லை, கள்ளச்சாராயம்

கேள்வி: அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தைத் தொடங்கியதே மாஃபியாதான், கறுப்புப் பணத்தை வெளுக்கத்தான் மைதானங்களே கட்டினார்கள் என்கிறான் நண்பன். மெய்யா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: மாஃபியா இல்லை, கள்ளச்சாராயம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். ஜார்ஜியா, வட கரோலினா மலைப்பக்கம் அது குடும்பத் தொழில். அப்பா காய்ச்சுவார், மகன் ஓட்டுவான். சாராய வரி 1944இல் கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 9 டாலர், 1951இல் பத்தரை டாலர். ஏய்த்த வரிதான் லாபம்.

நூறு கேலன் சரக்கு சுமார் 350 கிலோ. அதை ஏற்றியதும் ஃபோர்டு வி-8 காரின் பின்பக்கம் தொங்கினால் போலீசுக்குப் புரிந்துவிடும். அதனால் பின் ஸ்பிரிங் பட்டையை விறைப்பாக்குவார்கள். அந்த விறைப்பே பந்தய வளைவில் வண்டியைச் சாயாமல் பிடித்தது. 1949 ஜூன் 19, சார்லட்டில் கம்பெனி விற்றபடியே, மாற்றம் செய்யாமல் கார்கள் ஓட வேண்டிய முதல் நாஸ்கார் பந்தயம். முதலில் வந்தவர் கிளென் டனவே. அவருடைய ஃபோர்டைச் சோதித்தால் ஸ்பிரிங்கில் இதே கைவேலை! 2,000 டாலர் பரிசு, மூன்று சுற்று பின்தங்கி வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது. கார் முதலாளி கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். சாராயக்காரர்கள் ஆட்டிவைத்த பந்தயமாக இருந்தால் இது நடந்திருக்குமா?

அவர்கள் காசு உள்ளே வந்தது உண்மை. அட்லாண்டாவின் ரேமண்ட் பார்க்ஸ் சாராயத்தில் சம்பாதித்தவர், மத்தியச் சிறையில் ஒன்பது மாதம் கழித்தவர். 1949இல் ரெட் பைரன் சாம்பியன் ஆனது பார்க்ஸின் காரில்தான். ஆனால் வெளுப்பதற்குப் பதில் அவர் காசைக் கரைத்தார். கட்டுப்படியாகாமல் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே ஒதுங்கிவிட்டார். அவருடைய ஓட்டுநர் லாயிட் சீ 1941 செப்டம்பர் 1 அன்று லேக்வுட் மைதானத்தில் ஜெயித்தார். மறுநாள் சாராயத்துக்கு வாங்கிய சர்க்கரைக் கணக்கில் தகராறு. உறவினரே சுட்டுக் கொன்றார்.

ஓட்டுநர்கள் வயிற்றில் அடித்த திருடன் வேறு ஆள். டிக்கெட் வசூலை அள்ளிக்கொண்டு, பந்தயம் முடிவதற்குள் கம்பி நீட்டிய ஏற்பாட்டாளர். 1947 டிசம்பரில் நாஸ்காரின் நிறுவனர் பில் பிரான்ஸ் டேடோனா பீச் ஹோட்டலில் ஆட்களைக் கூட்டி, ஒரே விதி, ஒரே புள்ளிக் கணக்கு, சொன்னபடி பரிசு என்று பேசியபோது அது எடுபட்டதற்குக் காரணம் இந்த அனுபவம்தான்.

நண்பர் சொல்லும் மாஃபியா வாடை வீசியது 1961இல். சார்லட்டில் மைதானம் கட்டிக் கடனில் மூழ்கிய பந்தய ஓட்டுநர் கர்டிஸ் டர்னர், ஜிம்மி ஹோஃபா தலைமையிலான டீம்ஸ்டர்ஸ் என்ற லாரி ஓட்டுநர் தொழிற்சங்கத்திடம் எட்டு லட்சம் டாலருக்கு மேல் கடன் கேட்டார். பதிலுக்குப் பந்தய ஓட்டுநர்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். மைதானத்தில் பந்தயச் சூதாட்டம் கொண்டுவரும் பேச்சும் இருந்தது. லாஸ் வேகஸில் மாஃபியா பிடியிலிருந்த சூதாட்ட விடுதிகளுக்குக் கடன் கொடுத்ததும் இதே சங்கத்தின் ஓய்வூதிய நிதிதான். பில் பிரான்ஸ் டர்னருக்கும் இன்னொரு ஓட்டுநர் டிம் ஃப்ளாக்குக்கும் ஆயுள் தடை போட்டார். சூதாட்டத்தைத் தடுக்கத்தான் என்றார். சங்கம் வந்தால் தன் பிடி தளரும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1965இல் கார் கம்பெனி கிரைஸ்லர் பந்தயத்திலிருந்து விலகி, கூட்டம் குறைந்தது. டர்னரின் ஆயுள் தடையும் அந்த ஆண்டே நீங்கியது.