வாசகர் கேள்வி – பதில்: பொடியும் வாசனையும்

போன இதழில் பெர்கமாட் எண்ணெயைப் பற்றி (எலுமிச்சை இனத்துப் பழம் ஒன்றின் தோலிலிருந்து எடுப்பது) எழுதும்போது, இங்கிலாந்தில் இதை மூக்குப்பொடியிலும் சேர்ப்பார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. ஊதுபத்திக்கு வாசனை கலக்கும் வேலை பார்த்தவன் நான். பொடியையும் அந்த மூக்கோடுதான் அணுகுகிறேன். இந்த முறை முழுக்கப் பொடிதான்.

கேள்வி (மதுரை வாசகர்): பட்டணம் பொடிக்கும் வெளிநாட்டு வாசனைப் பொடிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே புகையிலைதானே?

புகையிலைதான். பக்குவம்தான் வேறு. நம் ஊரில் இலையை வறுத்து, இடித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்ப்பார்கள். டி.ஏ.எஸ். ரத்தினம் கம்பெனியின் பட்டணம் பொடியைத் திறந்தால் முதலில் எழுவது வறுத்த நெடி. அது கொஞ்சம் அடங்கியதும் பின்னால் நெய் வரும். சுண்ணாம்பு சும்மா சேர்வதில்லை. அது சேர்ந்தால் நிகோட்டின் இலையை விட்டுப் பிரிந்து மூக்கின் சவ்வு வழியாகச் சட்டென்று உள்ளே இறங்கும். கண்ணில் நீர் வர வைக்கும் அந்தச் சுரீர் அதனால்தான்.

பழைய பொடிக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நீளக் காம்பு வைத்த சின்னக் கரண்டியால் ஜாடியிலிருந்து பொடியை எடுத்து, காய்ந்த வாழைப்பட்டையில் தட்டி, ஒரு துளிகூடச் சிந்தாமல் மடித்துக் கொடுப்பார் கடைக்காரர். அந்தப் பொடிமட்டையின் மணமும் பொடியில் லேசாக ஏறியிருக்கும். டப்பாவில் வரும் பொடியில் எனக்குக் குறையாகத் தெரிவது அது ஒன்றுதான்.

இங்கிலாந்துக்காரர்கள் இலையை நாள்கணக்கில் பதப்படுத்தி, அரைத்து, சலித்து, உப்பும் ஈரமும் சேர்த்து, கடைசியில் வாசனை எண்ணெய் ஏற்றுவார்கள். கெண்டல் என்ற சின்ன ஊரில் 1792 முதல் இந்தத் தொழில் நடக்கிறது. சாமுவேல் கேவித் அந்த ஊர்க் கம்பெனிதான். ஷெஃபீல்டில் வில்சன்ஸ் என்ற கம்பெனி அதற்கும் மூத்தது. அவர்கள் ‘எஸ்.பி.’ என்று ஒரு வகை செய்கிறார்கள். நான் சொன்ன பெர்கமாட் ஏறுவது அதில்தான். எர்ல் கிரே டீ குடித்தவர்களுக்கு அந்த மணம் தெரியும்.

காரத்தில் இங்கிலாந்துப் பொடி நம் பொடிக்குப் பக்கத்தில் வராது. வாசனையில் அவர்களிடம் வகை அதிகம். ஆனால் வறுவலும் நெய்யும் சேர்ந்த நம் மணத்துக்கு ஈடாக ஒன்றை அவர்கள் செய்து நான் பார்க்கவில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): எத்தனை வருஷமாகப் போட்டாலும் தும்மல் வந்துவிடுகிறது, வாசனையே தெரிவதில்லை. இரண்டு பொடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

நீங்கள் இழுக்கிறீர்கள். இழுக்கவே கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அரைச் சிட்டிகை எடுத்து, நாசியின் வாசலில் வைத்து, பூவை முகர்வதுபோல மெல்ல மூச்சை உள்ளே வாங்குங்கள். பொடி மூக்கின் முன்பக்கத்திலேயே நின்றுவிட வேண்டும். தொண்டையில் கசந்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மாவுபோல நுணுங்கிய காய்ந்த பொடி சீக்கிரம் பறந்து தொண்டைக்குப் போகும். கொரகொரப்பாக, ஈரமாக இருப்பது நிற்கும். அதனால் வாசனை பார்க்க ஈரப்பொடிதான் வசதி.

ஒப்பிடும்போது ஒரு வேளைக்கு இரண்டு வகைக்கு மேல் வேண்டாம். ஒரு நாசிக்கு ஒன்று, மறு நாசிக்கு மற்றொன்று. ஆனால் ஒரு விஷயம். இரண்டு நாசியும் எப்போதும் ஒரே அளவு திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி ஒன்று அடைக்கும், ஒன்று திறக்கும். சரம், அதாவது மூச்சோட்டம், பார்க்கிறவர்கள் இடகலை, பிங்கலை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான், டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் மறுநாள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். அடைத்த நாசியில் போன பொடியை மட்டம் என்று சொல்லிவிடக் கூடாது.

வாசனையே ஏற்றாத பொடி ஒன்றை முதலில் பாருங்கள். அயர்லாந்து வழக்கத்தில் ‘ஹை டோஸ்ட்’ என்று ஒன்று உண்டு. இலையைச் சூட்டில் வாட்டி, நுணுக்கமாக அரைத்தது. வேறு மணம் கிடையாது. புகையிலை தனியாக எப்படி இருக்கும் என்று அதில் தெரிந்துகொண்டால்தான் மற்றவற்றில் எண்ணெய் எவ்வளவு, இலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ஒவ்வொன்றையும் மூன்று தடவை கவனியுங்கள்: டப்பியைத் திறந்ததும், போட்ட உடனே, பத்து நிமிடம் கழித்து. கடையில் எல்லாரும் முதலாவதைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் மதிப்புப் போடுவது மூன்றாவதுக்கு. எண்ணெய் பறந்துபோன பிறகு மூக்கில் நல்ல இலை மணம் நின்றால் அது நல்ல பொடி. வெறும் காகிதப் புழுதி மாதிரி எதுவோ நின்றால், மட்டமான இலையை வாசனை போட்டு மூடியிருக்கிறார்கள். ஊதுபத்தியிலும் இப்படித்தான் கண்டுபிடிப்போம். அணைத்த பிறகு அறையில் என்ன நிற்கிறது என்று பார்ப்போம்.

கைக்குட்டை வெள்ளையில் வேண்டாம், கறை போகாது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொடி போடுகிறவர்கள் வங்காளத்திலிருந்து போன, முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய பட்டுக் கைக்குட்டையை விரும்பி வாங்கினார்கள். கறை தெரியாது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி (கோவை வாசகர்): லண்டனிலிருந்து என் தங்கை மகன் ரோஜாப் பொடி ஒரு டப்பி கொண்டுவந்தான். முதல் நொடியில் ரோஜா, அப்புறம் ஒன்றுமே இல்லை. போலியா?

போலி என்று சொல்ல மாட்டேன். ஒரே வாசனையை விடாமல் முகர்ந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். வெளியே போய் ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள், மறுபடி தெரியும். வயலட் பூப் பொடியில் இது இன்னும் வேடிக்கையாக நடக்கும். அந்தப் பூவின் மணத்துக்குக் காரணமான அயனோன் என்ற வேதிப்பொருள் மூக்கைச் சற்று நேரம் மரக்கச் செய்யும். வாசனை போய்விட்டது என்று நினைக்கும்போது திரும்ப வந்து நிற்கும்.

ஆனால் அடியில் இலை மணமும் இல்லை என்றால் அதை நல்ல பொடி என்று சொல்ல முடியாது. உண்மையான ரோஜா எண்ணெய் ஒரு கிலோ இறக்க மூவாயிரம், நாலாயிரம் கிலோ இதழ் வேண்டும். அதனால் விலை மலிவான பொடியில் ஆய்வுக்கூட ரோஜாதான் இருக்கும். அதில் தவறில்லை, நானும் அதில்தான் வேலை பார்த்தேன். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் ரோஜா அத்தரைச் சந்தன எண்ணெயின் மேல் இறக்குவார்கள். சந்தனம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொடியில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது இலைதான்.

ரோஜாப் பொடியின் பழைய உதாரணம் வேண்டுமென்றால் ‘மக்கூபா’. கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவின் வடகோடியில் உள்ள ஊரின் பெயர் அது. லண்டன் ஹேமார்க்கெட்டில் 1720 முதல் 1981 வரை இருந்த ஃப்ரிபோர்க் அண்ட் ட்ரேயர் கடையின் சரக்குகளில் அதுவும் ஒன்று. கடை போய்விட்டது, வில்லாக வளைந்த அதன் முகப்பு ஜன்னல்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெயரில் பொடியும் தொடர்ந்து வந்தது. அதில் ரோஜா கனமாக ஏறும், ஆனால் இலை கீழே அசையாமல் இருக்கும்.

கேள்வி (திருச்சி வாசகர்): மென்தால் பொடி சளிக்கு மருந்து என்கிறார் அப்பா. நிஜமா?

இல்லை. மென்தால் மூக்கில் குளிர்ச்சி உணரும் நரம்பைத் தூண்டுகிறது. மூக்கு திறந்தது போலத் தோன்றும். உள்ளே அடைப்பு அப்படியேதான் இருக்கும். அப்பாவுக்குச் சளி என்றால் ஆவி பிடிக்கச் சொல்லுங்கள், நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): எங்கள் ஆச்சி கடைசிவரை பொடி போட்டார், நன்றாகத்தான் இருந்தார். இதில் உண்மையிலேயே கெடுதல் உண்டா?

உண்டு அம்மா. புகை இல்லை என்பதால் நுரையீரலுக்குச் சிகரெட் அளவு கேடு வராது, அவ்வளவுதான். நிகோட்டின் அடிமைப்படுத்தும். புகையில்லாப் புகையிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. பல வருஷம் போட்டால் மூக்கின் உள்சவ்வு தடித்து, மோப்பமே மழுங்கும். எனக்கு மூக்குதான் சோறு போட்டது. அதனால் வேலை நாட்களில் பொடியைத் தொட்டதில்லை. ஆச்சி நன்றாக இருந்தது சந்தோஷம், ஆனால் அதைக் கணக்கில் வைத்து இன்னொருவர் தொடங்கக் கூடாது. போடாதவர்கள் தொடங்கவே வேண்டாம். வாசனையில் ஆர்வம் இருந்தால் டப்பியைத் திறந்து தூரத்தில் வைத்து முகர்ந்தாலே நான் மேலே சொன்னதில் முக்கால்வாசி தெரிந்துவிடும். கர்ப்பிணிகள் அதுகூட வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள்.

பவேரியாவின் ‘ஷ்மால்ட்ஸ்லர்’. ஜெர்மனியின் தெற்கில், மலையும் காடுமான பகுதியில் விவசாயிகள் போட்டது. பிரேசிலின் பாஹியா பக்கத்துக் கருத்த புகையிலையை எடுத்து, கொரகொரப்பாக அரைத்து, உருக்கிய வெண்ணெய் சேர்த்துப் பிசைவார்கள். ஆமாம், நம் நெய்தான்! கடல்கடந்து, ஒருவரையொருவர் அறியாமல், மதராஸிலும் பவேரியாவிலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: புகையிலையின் முரட்டுத்தனத்தை அடக்க நெய் வேண்டும். இப்போது அங்கே வெண்ணெய்க்குப் பதில் பாரஃபின் எண்ணெய் சேர்க்கிறார்கள், கெட்டுப்போகாது என்பதற்காக.

அதில் பூ வாசனை எதுவும் கிடையாது. உலர்ந்த அத்திப்பழம், கோகோ, கொஞ்சம் தோல் மணம். எண்ணெய் ஏற்றிய வாசனை இல்லை, இலையிலிருந்தே வருவது. அதனால் பத்து நிமிடம் கழித்தும் மாறாமல் அப்படியே நிற்கும். ரீகன்ஸ்பர்க் நகரில் 1812 முதல் இயங்கிய பெர்னார்ட் தொழிற்சாலைக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். நம் பட்டணம் பொடிக்கும் அப்படி ஒரு இடம் சென்னையில் வேண்டும். உலக்கையும் கரண்டியும் வாழைப்பட்டையும் மறைந்துபோவதற்குள் யாராவது செய்தால் என்னிடம் இருக்கும் பழைய டப்பிகளைக் கொடுத்துவிடுவேன்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): பல வகைப் பொடிகளை எப்படி வைத்துக்கொள்வது?

கண்ணாடிக் குப்பி, இறுக்கமான மூடி, வெயில் படாத இடம். திறந்ததும் அமோனியா நெடி அடித்தால் அரை நாள் லேசாகத் திறந்து வையுங்கள், போய்விடும். காய்ந்துபோனால் ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்து மூடிவிடுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மென்தால் டப்பியைத் தனி அலமாரியில் வையுங்கள். ஒரே பெட்டியில் போட்டால் ஒரு மாதத்தில் எல்லா டப்பியும் மென்தால் ஆகிவிடும். குழந்தைகளுக்கு எட்டாத உயரம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.