நீருக்கடியில் நாற்பது நிமிடம்: கரையில் விட்டவை யார் பொறுப்பில்?

ஏப்ரல் மாதத்தில் வசந்த காலத்துக்காக நாடே நுவரெலியாவுக்கு ஏறி வருகையில், மலையகத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் கிழக்குக் கடலை நோக்கி இறங்குகிறது. சுழியோடுதல் பற்றி இம்முறை எனக்கு வந்த கேள்விகளில் மீன்களையோ பவளப்பாறைகளையோ பற்றியவை குறைவு. பணப்பை, கைத்தொலைபேசி, தாலிக்கொடி, தனியாகப் புறப்படும் மகள் ஆகியவற்றைப் பற்றியவையே அதிகம்.

கேள்வி: நாங்கள் ஒன்பது பேர் ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு நிலாவெளிக்குச் சென்று, புறாத்தீவில் ஒரு நாளைக் கழிக்க இருக்கிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் நீரில் இறங்கினால் கைத்தொலைபேசிகளையும் பணத்தையும் எங்கே வைப்பது? (நுவரெலியா வாசகர்)

பதில்: எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்காதீர்கள். ஐந்து பேர் நீரிலும் நால்வர் கரையிலுமாக முறை வைத்துக்கொள்வதை விடச் சிறந்த பூட்டை நான் இதுவரை கண்டதில்லை. கடற்கரையில் பொருளை எடுப்பவருக்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. முகத்தை நீருக்குள் வைத்திருப்பவர் அரை மணி நேரத்துக்குத் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பது கரையில் நிற்கும் அனைவருக்கும் தெரியும், அது போதும்.

புறாத்தீவு 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், மறந்த பொருளை எடுத்துவர ஓடிப் போய்வர முடியாது. எனவே தீவுக்குப் போகும் பையில் குடிநீர், துவாய், மருந்து, நுழைவுச்சீட்டுக்கும் படகுக்குமான பணம், எல்லோருக்குமாக ஒரே ஒரு கைத்தொலைபேசி ஆகியவை இருந்தால் போதும். மற்றவற்றை விடுதியின் பாதுகாப்புப் பெட்டகத்தில், எண்ணி எழுதிய துண்டொன்றுடன் ஒப்படையுங்கள். படகுக்காரரிடம் திரும்பி அழைக்க வரும் நேரத்தை முன்கூட்டியே பேசி, கூலியில் ஒரு பகுதியைக் கரைக்கு வந்த பிறகு கொடுப்பதும் நல்ல வழக்கம்.

வானின் திறப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் திறப்பை முன்சக்கரத்தின் மேல் வைத்துவிட்டுக் கடலுக்குள் போனேன். திரும்பி வந்தபோது வான் பூட்டியே இருந்தது, திறப்பும் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இருந்த பணப்பையும், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்பியூட்டரும் மட்டும் இல்லை. சக்கரத்தின் மேற்புறம் என்பது நமக்குத் தோன்றுவதைப் போலவே எடுப்பவருக்கும் முதலில் தோன்றும் இடம். சாரதி வாகனத்துடனேயே இருக்கட்டும், அல்லது திறப்பைச் சுழியோடும் நிலையத்தில் பெயர் எழுதிய உறையில் கொடுங்கள்.

அதே சமயம், பொருளொன்றைக் காணவில்லை என்றவுடன் படகுக்காரரின் மகனை முறைத்துப் பார்ப்பதைத் தவிருங்கள். திருட்டு என்று எங்கள் குழுவினர் குரல் உயர்த்திய ஒரு நாளில், காணாமற்போன பணப்பை படகின் அடிப்பலகைக்குக் கீழே தேங்கிய நீரில் ஊறிக் கிடந்தது. அன்று நாங்கள் கேட்ட மன்னிப்பு போதுமானதாக இருந்ததென்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

கேள்வி: திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. கடலில் இறங்கும்போது தாலிக்கொடியைக் கழற்றக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். கழற்றாவிட்டால் போய்விடும் என்று கணவர் சொல்கிறார். (ஹட்டன் வாசகி)

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சகோதரி. மஞ்சள் கயிற்றில் தாலியை மட்டும் கோத்து அணிந்துகொண்டு, பவுண் கொடியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் புறப்படுவது நம் குடும்பங்களில் புதிதான ஏற்பாடு அல்ல. மாமியாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். கயிற்றின் மேல் கழுத்து வரை மூடிய நீச்சல் மேலாடையை அணிந்தால் அது முகக்கண்ணாடியின் பட்டியிலோ காற்றுக் குழாயிலோ சிக்காது. குளிர்ந்த நீரில் விரல்கள் சற்றுச் சுருங்குவதால் மோதிரங்கள் தாமாகவே நழுவிவிடும். அவற்றையும் வீட்டில் விடுங்கள். மணலில் விழுந்த மோதிரத்தைத் தேடித் தரும்படி என்னிடம் கேட்டவர்கள் பலர், கிடைத்தது இரண்டு முறைதான். பளபளக்கும் நகை சீலா போன்ற வேட்டை மீன்களின் கண்ணில் படும் என்பதும் கழற்றுவதற்கு இன்னொரு காரணம்.

கேள்வி: சனிக்கிழமை காலை உப்புவெளியில் இரண்டு முறை சுழியோடிவிட்டுப் பகல் உணவோடு புறப்பட்டால், இரவுக்குள் பண்டாரவளைக்கு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் திருவிழா. இரவு வீதியில் வழிப்பறி நடக்குமா என்று மனைவி அஞ்சுகிறார். (பண்டாரவளை வாசகர்)

பதில்: வழிப்பறியை விடப் பெரிய ஆபத்து உங்கள் பயணத் திட்டத்திலேயே இருக்கிறது. சுழியோடிய அன்றே மலையேறக் கூடாது.

கொழும்புக் கோட்டையில் வாங்கிய மிக்சர் பக்கற்றை ரயிலில் கொண்டுவந்தால், நானுஓயாவை நெருங்கும்போது அது பலூனைப் போல உப்பி நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்கற்றுக்குள் இருக்கும் காற்று கூடவில்லை. வெளியே அதை அழுத்திக்கொண்டிருந்த வளி குறைந்துவிட்டது. கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். மறுபுறம், கடலில் ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுவதால், பதினெட்டு மீற்றர் ஆழத்தில் நீங்கள் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் வழக்கத்தை விட அதிகமாக இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து தங்குகிறது. அது மெதுவாக, மூச்சின் வழியாக வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்கு முன்பே மலையேறினால், பக்கற்றுக்கு நேர்ந்தது உடலுக்குள் நேரலாம்: கரைந்திருந்த வாயு குமிழிகளாகி மூட்டுகளிலும் நரம்புகளிலும் தங்கும். விமானத்தில் ஏறுவதற்கு முன் காத்திருக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்; பயணிகள் விமானத்தின் உள்ளமுக்கம் அதிகபட்சம் ஏறத்தாழ 2400 மீற்றர் உயரத்துக்குச் சமமாகப் பேணப்படுகிறது. விமானத்துக்குச் சொல்லப்படும் எச்சரிக்கையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, நம்முடைய ஊரே அந்த உயரத்தில் பெரும்பகுதிக்கு இருப்பதை மறந்துவிடுகிறோம்.

பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு இது: ஒரே ஒரு முறை, மேலே வரும் வழியில் நைதரசன் வெளியேறுவதற்காக நின்று நின்று வரத் தேவையில்லாத அளவுக்குச் சுழியோடியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல முறையோ, தொடர்ந்து பல நாட்களோ சுழியோடியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம். 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரம் எதற்கும் இதைப் பொருத்திப் பார்ப்பது நல்லது. பண்டாரவளை அதன் இரு மடங்கு உயரத்தில் இருக்கிறது, பதுளை கூட அந்த எல்லையைத் தாண்டியதுதான். கடைசி முறை நீங்கள் முற்பகல் பதினொன்றரைக்கு மேலே வந்தால், மறுநாள் காலை ஐந்தரை வரை தாழ்நிலத்தில் இருக்க வேண்டும். மகியங்கனையில் இரவு தங்கிவிட்டுக் காலையில் பதுளை ஏற்றத்தைத் தொடங்குங்கள். திருவிழாவுக்குப் பகல் பூசையிலேயே வந்துவிடலாம்.

இதை மீறியவர்கள் எல்லோரும் நோயுறுவதில்லை, அதனால்தான் இந்த எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்துவதில்லை. தோள் அல்லது முழங்கால் வலி, கை கால் விறைப்பு, காரணமில்லாத களைப்பு, தலைச்சுற்று, தோலில் தடிப்பு ஆகியவை பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், சிலருக்கு ஒரு நாளுக்குப் பின்னும் தோன்றலாம். நம்மவர்கள் செய்வது, வலியை வான் இருக்கையின் குற்றமாக்கித் தைலம் தேய்த்துப் படுத்துவிடுவதுதான். அப்படிச் செய்யாமல், மேலும் ஏறுவதை நிறுத்தி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, நோயாளி சுழியோடியவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு உடனே ஒட்சிசன் தேவை. எத்தனை முறை, எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்கு என்ற விவரத்தையும் வைத்தியரிடம் கூறுங்கள். அருகிலுள்ள மீளமுக்க அறை (அமுக்கத்தைக் கூட்டிக் குமிழிகளை மீண்டும் கரைக்கும் சிகிச்சை அறை) எங்கே என்பதைச் சுழியோடும் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்திருப்பது அப்போது உதவும்.

வழிப்பறிக்கு வருவோம். ஹபரணையைச் சுற்றியுள்ள வீதிகளில் இரவில் எதிர்ப்படுவது கள்வரை விட யானையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தூக்கம் கண்ணைக் கட்டும் சாரதி அதனினும் ஆபத்தானவர்.

கேள்வி: நானும் இரு தோழிகளும் முதன்முறையாகச் சுழியோடப் போகிறோம். பயிற்றுநர் ஆணாக இருப்பார். நீருக்கடியில் அவர் தவறாக நடந்துகொண்டால் எப்படித் தெரிந்துகொள்வது? (ஹப்புத்தளை வாசகி)

பதில்: இந்தக் கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்டதற்கு நன்றி. முதன்முறை இறங்குபவரைப் பயிற்றுநர் பிடித்துக்கொண்டுதான் இருப்பார், அப்படிப் பிடிக்காதவரே பொறுப்பற்றவர். ஆகவே எது முறையான தொடுகை என்பதைக் கரையிலேயே பேசித் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதுகிலுள்ள காற்று உருளையின் கழுத்து, அதைத் தாங்கும் அங்கியின் தோள்பட்டி, மேற்கை ஆகிய இடங்களைப் பிடித்தாலே ஒருவரை முழுமையாகக் கட்டுப்படுத்த முடியும். இடுப்புப் பட்டியையும் மார்புப் பட்டியையும் சரிபார்ப்பது நீரில் இறங்குவதற்கு முன், உங்கள் கையாலேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்கச் செய்யக்கூடிய வேலை. "எங்கே பிடிப்பீர்கள் என்று முதலில் காட்டுங்கள்" என்று கேட்டால் நல்ல பயிற்றுநர் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார். முகம் சுளித்தால் முற்பணத்தை மறந்துவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போங்கள். பெண் பயிற்றுநரைக் கேட்கலாம், தோழி ஒருவர் அதே முறையில் கூடவே இறங்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

நீருக்குள் ஏதேனும் தவறாகப்பட்டால், பெருவிரலை உயர்த்துங்கள். அந்தச் சைகைக்கு மேலே போக வேண்டும் என்பது பொருள். காரணம் கேட்கும் உரிமை பயிற்றுநருக்கு இல்லை. அச்சத்தில் மூச்சை அடக்கியபடி தனியாக மேலே பாய்வது மட்டும் வேண்டாம், அது நுரையீரலைக் காயப்படுத்தும். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். பொலிஸ் அவசர இலக்கமான 119க்கும், பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கும் அழைக்கலாம்.

விடுதி அறைக்கு ஒரு ரூபாய்ப் பெறாத பாதுகாப்பு ஒன்று உண்டு: கதவின் அடியில் உள்பக்கமாகச் செருகும் மர ஆப்பு. எந்த மாற்றுத் திறப்புக்கும் அது அசையாது.

கேள்வி: மட்டக்களப்பில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் போர்க்கப்பலைப் பார்த்து, நினைவாக ஒரு சிறு துண்டைக் கொண்டுவர ஆசை. (பசறை மாணவர்)

பதில்: இரண்டும் வேண்டாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. அது பல ஆண்டு பயிற்சி பெற்றவர்களுக்கான இடம். முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதனுடன் இறந்தனர். கல்லறையிலிருந்து ஆணியைப் பிடுங்கி வருபவரை நம்மூரில் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: மாலைதீவில் ஹோட்டல் ஒன்றில் வேலைக்குப் போகிறேன். ஓய்வு நாளில் சுழியோடலாம் என்கிறார்கள். அறையில் நால்வர் தங்குவோம். கடவுச்சீட்டை எப்படிப் பாதுகாப்பது? (தலவாக்கலை வாசகர்)

பதில்: எண் பூட்டுடன் கூடிய சிறிய தகரப் பெட்டியைக் கட்டிலின் கால் சட்டத்துடன் கம்பிவடத்தால் பிணையுங்கள். கடவுச்சீட்டின் முகப்புப் பக்கத்தையும் வேலை அனுமதியையும் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிவையுங்கள். தொலைந்தால் மாலேயிலுள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அந்தப் படம் அலைச்சலைக் குறைக்கும். அங்கும் பொலிஸ் இலக்கம் 119தான். பொழுதுபோக்குக்காகச் சுழியோடுபவர் 30 மீற்றருக்குக் கீழே போக அந்த நாட்டு விதி இடமளிப்பதில்லை. "இன்னும் கொஞ்சம்" என்று நண்பர் அழைத்தாலும் போகாதீர்கள். விடுமுறைக்கு ஊர் வரும் நாளுக்கு முந்திய நாள் கடலுக்கு விடுமுறை.

கேள்வி: ஹிக்கடுவையில் என் பை களவு போய்விட்டது. கைத்தொலைபேசி, அடையாள அட்டை, வங்கி அட்டை எல்லாம் அதில் இருந்தன. ஊருக்கு வந்து முறைப்பாடு செய்தால் போதுமா? (பதுளை வாசகர்)

பதில்: களவு நடந்த இடத்துப் பொலிஸ் நிலையத்தில் அன்றே முறைப்பாடு செய்வதே சரியானது. முதலில் இரவல் கைத்தொலைபேசியிலிருந்து வங்கி அட்டையை முடக்குங்கள், பிறகு சிம் அட்டையை. வங்கியின் இரகசிய எண்கள் அந்தச் சிம்முக்குத்தான் வரும். முறைப்பாட்டில் கைத்தொலைபேசியின் 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்ஈஐ எண்ணைச் சேர்க்க வேண்டும். வாங்கிய பெட்டியின் மேல் அது அச்சிடப்பட்டிருக்கும். இனிமேல் வாங்கும் கைத்தொலைபேசியில் *#06# என்று அழுத்தி வரும் எண்ணை வீட்டு நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிவையுங்கள்.

முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், தமிழில் விளக்கிச் சொல்லும் வரை கையொப்பமிட வேண்டாம். பை "தொலைந்தது" என்று எழுதப்படுவதற்கும் "களவு போனது" என்று எழுதப்படுவதற்கும் காப்புறுதி நிறுவனத்திடம் பெரிய வேறுபாடு உண்டு. பிரதியைக் கேட்டு வாங்குங்கள். புதிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்துடன் அதை இணைக்க வேண்டும். நீங்கள் தோட்டத்தில் வசிப்பவரானால் விண்ணப்பத்தைத் தோட்ட அதிகாரியும், மற்றவரானால் கிராம உத்தியோகத்தரும் உறுதிப்படுத்துவார்கள். அதுவரை அந்தப் பிரதியை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டுச் சட்டைப்பையில் வைத்திருங்கள், பையில் அல்ல.