விசா முடிந்தும் ஸ்பெயினில் தங்கியவருக்கு வழி உண்டா?

கேள்வி: சுற்றுலா விசாவில் ஸ்பெயின் சென்ற என் தங்கை மகன், விசாக் காலம் முடிந்த பின்னும் பார்சிலோனாவில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டால் அரசே குடியுரிமை கொடுத்துவிடும் என்கிறான். இது உண்மையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: குடியுரிமை கிடைக்காது, ஓராண்டுக்கான வசிப்பு அனுமதி கிடைக்கலாம், அதுவும் தானாக வராது. ஆவணமின்றித் தங்கியவர், அங்கே காலூன்றிவிட்டதை நிரூபித்து அனுமதி கோரும் ‘அர்ராய்கோ’ என்ற ஏற்பாடு ஸ்பெயினில் நெடுநாளாக இருக்கிறது. பெரும்பாலோருக்கு மூன்று ஆண்டுகளாக இருந்த தங்கல் காலம், 2025 மே 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் இரண்டாகக் குறைந்தது.

உங்கள் தங்கை மகனுக்குப் பொருந்தக்கூடியது வேலை வழி. வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாத வேலையும் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமும் தருவதாக உணவக உரிமையாளர் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். கணக்கில் காட்டாமல் ஆள் வைத்திருப்பவர் இதற்கு எளிதில் இணங்க மாட்டார் என்பதே சிக்கல். இணங்காவிட்டால், தொழிற்பயிற்சியில் சேர்ந்து விண்ணப்பிக்கும் வழியும் உண்டு.

எந்த வழியானாலும், தங்கியதற்குச் சான்று இல்லாமல் ஒன்றும் நடக்காது. விசா இல்லாதவரும் தாம் குடியிருக்கும் ஊரின் நகராட்சிப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் இவரைப் போன்றவர்கள் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பெயர் நீங்கிவிடும். ஒரே அறையில் பலர் தங்கும் இடங்களில் உரிமையாளர் பதிவுக்குச் சம்மதிக்காததால், சிலர் காசு கொடுத்து வேறு யாருடைய முகவரியையோ வாங்குகிறார்கள். அகப்பட்டால் விண்ணப்பமே போய்விடும் என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மருத்துவமனையின் தேதியிட்ட சீட்டு, பெயருடன் கூடிய பணப்பரிமாற்ற ரசீது போன்றவையும் சான்றாக உதவும். அவன் அனுப்பிய பணத்துக்கான ரசீதுகள் தங்கையிடம் இருந்தால், இன்றே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

புகலிடம் கோரிவிட்டுக் காத்திருக்கும் காலமும் இந்த இரண்டு ஆண்டுக் கணக்கில் சேரும் என்று தரகர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதிய விதிகள் அதைக் கணக்கில் கொள்வதில்லை. குற்றப் பின்னணி இல்லை என்று இந்தியாவிலிருந்து பெறும் சான்றிதழும், அதன் முறையான ஸ்பானிய மொழிபெயர்ப்பும் தேவை. விண்ணப்பித்த மூன்று மாதங்களுக்குள் பதில் வராவிட்டால் மறுக்கப்பட்டதாகவே பொருள். அதை எதிர்த்து முறையீடு செய்யலாம்.