சைரன் கேட்டதும் எந்தப் பக்கம்?

சாலை விதிகள்: வாசகர் கேள்வி – பதில்

சேலம் அஞ்சு ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்து, முதல் வண்டியாக நிற்கிறேன். பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது. சிக்னலைத் தாண்டி வழி விட்டால் கேமராவில் மாட்டுவேன், நின்றால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்கிறார்கள். எதைச் செய்வது?
– கார் ஓட்டும் வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

தாண்டாதீர்கள். சிவப்பு விளக்கைக் கடக்கும் சலுகை ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திகளுக்கு மட்டும்தான். அவற்றுக்கு வழி விடுகிறவருக்கும் அந்தச் சலுகை சேர்ந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஏதும் இல்லை. விதி இருக்கட்டும், ஆபத்தைப் பாருங்கள். குறுக்கே பச்சையில் வருகிறவருக்கு ஆம்புலன்ஸின் விளக்கும் தெரியும், சத்தமும் கேட்கும். உங்கள் காருக்கு இரண்டும் கிடையாது. பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் டிரைவர்கூட சந்திப்பில் வேகத்தைக் குறைத்து, இரு பக்கமும் பார்த்துத்தான் சிவப்பைக் கடப்பார். நீங்கள் பதற்றத்தில் பாய்ந்தால், அந்த ஆம்புலன்ஸ் ஏற்றிப்போக வேண்டிய அடுத்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. முதலில் கண்ணாடியைப் பாருங்கள். ஆம்புலன்ஸ் எந்த இடைவெளியைக் குறி வைத்து வருகிறது என்பது தெரியும். நீங்கள் அந்த வழியில் இல்லை என்றால் அசையாமல் நிற்பதே உதவி. வழியில் இருந்தால், ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தக் கோட்டுக்குள்ளேயே ஓரத்துக்கு நகருங்கள். இடப்பக்கம் திரும்ப எப்போதும் அனுமதி உள்ள சந்திப்பு என்றால் திரும்பி விலகிவிடலாம். போக்குவரத்துக் காவலர் 'வா' என்று கை காட்டினால் சிவப்பானாலும் போகலாம். காவலரின் சைகை விளக்கை விட மேலானது.

உண்மையில் இந்தச் சிக்கல் சைரன் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முன் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு தள்ளி நிறுத்திப் பழகுங்கள். அந்த இடைவெளி இருந்தால் ரிவர்ஸ் எடுக்காமலே வண்டியைத் திருப்பி ஒதுக்கலாம். பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்பவர் பின்னால் வர வேண்டும். பின்னால் நாலு பைக் நிற்கும். அதோடு எல்லாம் பூட்டிக்கொண்டது.

வழி விடுவது என்றால் எப்போதும் இடப்பக்கம்தானா? ஓமலூர் ரோட்டில் நெரிசல் நேரத்தில் இடப்பக்கம் ஊசி நுழைய இடம் இருப்பதில்லை.
– கல்லூரி ஆசிரியர், சூரமங்கலம்

ஓடும் போக்குவரத்தில் இடப்பக்கம்தான். வலப்பக்க வரிசையை ஆம்புலன்ஸுக்கு விட்டு எல்லோரும் இடம் ஒதுங்கினால் டிரைவருக்குக் குழப்பம் இருக்காது. சட்டம் சொல்வதும் 'சாலையின் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும்' என்பதே.

நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் இரண்டு வரிசையும் நகராமல் நிற்கும்போது கணக்கு மாறும். ஒரு வரிசைக்கு 3.5 மீட்டர் என்றால் மொத்தம் 7 மீட்டர். ஒரு கார் சுமார் 1.7 மீட்டர் அகலம். இரண்டு கார்கள் சேர்ந்து 3.4. இடப்பக்கத்தவர் இட ஓரமும், வலப்பக்கத்தவர் தடுப்புச் சுவரை ஒட்டியும் நகர்ந்தால் நடுவில் மூன்றரை மீட்டர் திறக்கும். வேன் வகை ஆம்புலன்ஸ் பக்கக் கண்ணாடிகளோடு இரண்டரை மீட்டர் இருந்தால் தாராளமாகப் போகும். எல்லோரும் இடப்பக்கமே நெருக்கினால் இந்த வழி கிடைக்காது.

பஸ்ஸும் பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இது நடக்காது. ஒரு பஸ் இரண்டரை மீட்டர். இரண்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர் மிஞ்சினால் அதிகம். அப்போது ஒரு பஸ் முன்னேறி மற்றதன் முன்னால் ஒரே வரிசையில் சேர வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் கார்கள் இடம் விட வேண்டும். ஆகவே ஆம்புலன்ஸ் நூறு மீட்டர் பின்னால் இருக்கும்போதே நீங்கள் நகரத் தொடங்கினால்தான் பயன்.

இன்னொன்று. ஒதுங்கும்போது நான்கு விளக்கையும் சேர்த்து மின்ன விடும் பழக்கம் பரவிவிட்டது. அதைப் பார்க்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நீங்கள் இடம் போகிறீர்களா, வலமா, அப்படியே நிற்கப் போகிறீர்களா என்று தெரியாது. ஒரு பக்க இண்டிகேட்டர் போடுங்கள். திடீர் பிரேக்கும் வேண்டாம்.

ஜன்னலை ஏற்றி, ஏசியும் பாட்டும் போட்டிருந்தால் சைரன் மிகத் தாமதமாகத்தான் காதுக்கு வரும். இரு பக்கமும் கட்டடம் உள்ள இடத்தில் எதிரொலியால் திசையும் புரியாது. பாட்டை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, பின்னால் பார்க்கும் மூன்று கண்ணாடிகளிலும் விளக்கைத் தேடுங்கள். ஆம்புலன்ஸின் முகப்பில் எழுத்தை இடவலம் மாற்றி எழுதியிருப்பதே உங்கள் கண்ணாடியில் நேராகத் தெரிவதற்குத்தான்.

10,000 ரூபாய் அபராதம் பைக்குக்கும் உண்டா? என் வண்டியை மைத்துனர் ஓட்டினார், நோட்டீஸ் எனக்கு வந்துவிட்டது.
– வாசகர், அம்மாப்பேட்டை

உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 2019 திருத்தத்தின்போது சேர்ந்த 194-இ பிரிவு 'மோட்டார் வாகனம்' என்றுதான் சொல்கிறது. பைக், ஆட்டோ, லாரி எல்லாம் அதில் அடக்கம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் தமிழக அரசு திருத்திய அபராதப் பட்டியலிலும் அதே 10,000தான்.

அபராதத்தைக் கட்டினால் விவகாரம் அதோடு முடியும். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். தவறு உங்களுடையது அல்ல என்றால் கட்டாமல் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஓட்டியவர் வேறு ஆள் என்றால், கேட்கும்போது அவர் பெயர், முகவரி, உரிம விவரம் தர வேண்டியது உரிமையாளரின் கடமை (133-ஆம் பிரிவு). மைத்துனரிடம் சண்டை போடுவதற்கு முன் நோட்டீஸில் உள்ள படம், நேரம், இடம் மூன்றையும் பாருங்கள். இடம் இல்லாமல் நெரிசலில் சிக்கியவருக்கும், இடம் இருந்தும் நகராதவருக்கும் படத்திலேயே வித்தியாசம் தெரியும். டேஷ்கேம் பதிவு இருந்தால் அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள். பல கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும்.

ஏற்காடு மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.
– வாடகை வேன் ஓட்டுநர், அடிவாரம்

வளைவில் ஒதுங்கக் கூடாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். சேலம் பக்கமிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஆம்புலன்ஸ் அகலமாக வீசித் திரும்ப வேண்டும். உள் வளைவில் நீங்கள் நின்றால் அது வெளிப்பக்கம் போக வேண்டி வரும். எதிரே பஸ் வந்தால் மூவரும் முட்டிக்கொள்வீர்கள். சைரன் கேட்டபோது வளைவில் இருந்தால், அதே வேகத்தில் வளைவைக் கடந்து, நேர்ப்பாதை வந்தபின் இடப்பக்கம் ஒதுங்குங்கள். பின்னால் வருபவர் பத்து விநாடி பொறுப்பார். வளைவில் சிக்கினால் பத்து நிமிஷம்.

இடப்பக்கம் பாறை என்றால் அதன் அடியில் மழைநீர் வாய்க்கால் இருக்கும். சக்கரம் அதில் இறங்கினால் வண்டி சாய்ந்து பாதையே அடைபடும். இடப்பக்கம் பள்ளம் என்றால் தாருக்கு வெளியே உள்ள மண்ணை, அதுவும் மழைக்குப் பிறகு, நம்பவே கூடாது. இரண்டிலும் சக்கரம் தாரில் இருக்கட்டும். ஏற்றம் பார்த்து நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு முதல் கியர். இறக்கம் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியர். முன் சக்கரத்தைப் பாறைப் பக்கம் திருப்பி வையுங்கள். ஆள் ஏற்றிய வேன் என்றால் யாரையும் இறங்க விடாதீர்கள்.

இரண்டு வண்டி ஒதுங்க முடியாத இடத்தில் இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. ஆனால் நோயாளியோடு சேலம் இறங்கும் ஆம்புலன்ஸுக்கு முன் அந்த விதி செல்லாது. ஏறும் நீங்கள்தான் நிற்க வேண்டும். பாதிக் குறுகலில் போய் எதிர்கொண்டு, பின் ரிவர்ஸில் இறங்குவதுதான் மலையில் மிக மோசமான வேலை. சத்தம் கேட்டதுமே அகலமான இடத்தில் காத்திருங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள். பிரேக்கையே நம்பி வந்தால் அது சூடேறி, ஒதுங்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

கோடை விழா நாள்களில் ஒருவழியாக விட்டிருந்தாலும், எதிர்த்திசையில் ஆம்புலன்ஸ் வரலாம் என்பதை மறக்காதீர்கள். ஒருவழிப் பாதைதானே என்று வளைவை முழு அகலத்தில் வெட்டித் திரும்புகிறவர்கள் நிறைய.

ஆம்புலன்ஸில் ஆளே இல்லை, சும்மா சைரன் அடித்துப் போகிறார்கள். அதற்கும் வழி விட வேண்டுமா? அமரர் ஊர்திக்கு?
– வாசகர், குகை

உள்ளே ஆள் இல்லாத ஆம்புலன்ஸ் விபத்து இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அங்கேதான் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. வழி விடுங்கள், சந்தேகம் இருந்தால் பதிவெண், நேரம், இடம் குறித்துக் காவல்துறையில் புகார் கொடுங்கள். அமரர் ஊர்தி அவசர ஊர்தி அல்ல. மரியாதைக்கு ஒதுங்கலாம்.

நோயாளியைச் சொந்தக் காரில் ஜி.எச். கொண்டு போகிறோம். விளக்கு, ஹாரன் போட்டுப் போனால் சலுகை உண்டா?
– இல்லத்தரசி, அயோத்தியாப்பட்டணம்

இல்லை. சிவப்பைக் கடந்தால் குற்றம் குற்றம்தான். 108-ஐ அழைத்துவிட்டுப் புறப்படுங்கள். எந்தச் சாலையில் வருகிறீர்கள் என்று சொன்னால் வழியில் மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவர்கள் சொல்வார்கள். ஆம்புலன்ஸில் நோயாளியை ஏற்றிவிட்டுப் பின்னாலேயே ஒட்டிப் போகும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: 60 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறீர்கள். ஆம்புலன்ஸுக்கு விலகியவர்கள் அது போனதும் உள்ளே திரும்புவார்கள், உங்களை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 50 மீட்டராவது விடுங்கள். சிக்னலில் நின்று போங்கள்.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் ஒரே நேரத்தில் வந்தால் யாருக்கு முதலில்?
– மளிகை வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

விதியின் வரிசையில் தீயணைப்பு வண்டி முதல், ஆம்புலன்ஸ் அடுத்து, பிறகு காவல்துறை. ஓட்டுநர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் இரண்டுக்கும் ஒதுங்கினால் போதும்.

கடை வைத்திருப்பதால் உங்களுக்கு வேறொன்று முக்கியம். தீயணைப்பு வண்டி தண்ணீரோடு சேர்ந்து பல டன் எடை. ஆம்புலன்ஸைப்போல் சட்டென்று நிற்காது, குறுகலில் திரும்பாது. செவ்வாய்ப்பேட்டை மாதிரித் தெருக்களில் அதைத் தடுப்பது பெரும்பாலும் ஓடும் வண்டி அல்ல, முனையில் சரக்கு இறக்க நிறுத்திய மினி லாரிதான். திருப்பத்தில் நிறுத்தாதீர்கள், சாவியோடு ஓர் ஆள் வண்டியிலேயே இருக்கட்டும். முதல் வண்டி போனதும் கிளம்பிவிடாதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். தெருவில் குழாய் விரித்திருந்தால் அதன் மேல் பைக்கைக்கூட ஏற்ற வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் குழாய் இணைப்பில் விட்டுக்கொண்டால் முன்னால் பிடித்திருப்பவருக்குத் தண்ணீர் நின்றுபோகும்.