பையன் நர்ஸ் ஆகலாமா? ஒரு தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

நர்சிங் படிக்க விரும்பும் மகனோடு நேற்று ஆலோசனைக்கு என்னிடம் வந்திருந்தீர்கள். நான் தம்பியிடம் கேட்டதற்கெல்லாம் நீங்களே பதில் சொன்னீர்கள். அவன் வாய் திறந்தது ஒரே முறைதான். "தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நான்தான் சார் பார்த்துக்கொண்டேன்" என்றான். "ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் ஒரு பிழைப்பா? நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று நீங்கள் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நர்ஸ் என்றால் பெண் என்பது ஊர் போட்ட வழக்கம். நவீன செவிலியர் பணிக்கு வழிகாட்டிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டனில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கானது. அந்த முறைதான் பல நாடுகளுக்குப் பரவியது. பிரிட்டனில் ஆண் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தனிப் பட்டியலில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பொதுப் பட்டியலில் சேர்த்தது 1949-இல்தான். வழக்கத்தின் தடம் இங்கேயும் உண்டு. ராணுவச் செவிலியர் படிப்பில் பெண்களை மட்டுமே சேர்க்கிறார்கள். மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளில் செவிலியர் நியமனத்தில் 100 இடங்களில் 80 பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு என்று ஒதுக்கி வந்திருக்கிறார்கள். இதைத் தம்பியிடம் மறைக்க வேண்டாம், தெரிந்தே இறங்கட்டும்.

ஆனால் வார்டுக்குள் நின்று பாருங்கள். எழுபது வயதுப் பெரியவருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். மகள் வயதுப் பெண் முன்னால் அவர் கூசிப்போகிறார். அங்கே ஓர் ஆண் செவிலியர் வந்தால் அவருக்கு எத்தனை ஆறுதல்! உங்கள் தந்தைக்கு அந்த ஆறுதலைக் கொடுத்தவன் உங்கள் மகன். பதினேழு வயதில் அருவருப்பில்லாமல் ஒரு முதியவரைத் துடைத்துவிடும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பெற்றோர் கட்டாயத்துக்காகப் பொறியியல் சேர்ந்து, அரியர் குவிந்து, அதையும் வீட்டில் சொல்லாமல் மூன்று வருடம் மறைத்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளைகளாவது தோழியிடம் அழுதுவிடுகிறார்கள். 'ஆண்பிள்ளை அழலாமா' என்று கேட்டே வளர்ந்த இவர்களுக்கு அழவும் இடமில்லை. என் பெரிய கவலை இதுதான்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் படிப்பு. தம்பி பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருப்பதால் தடையில்லை. கல்லூரிக்கு இந்திய செவிலியர் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, எத்தனை படுக்கைகள், ஆண்களுக்கு விடுதி உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் குறைவு, இரவுப் பணியும் உண்டு. தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், அறுவை அரங்கு என்று ஏதாவது ஒன்றில் அனுபவம் சேர்ந்தால் நிலைமை மாறும். ஜெர்மனி போக எண்ணினால் படிக்கும்போதே ஜெர்மன் மொழியைக் கற்கத் தொடங்கிவிட வேண்டும்.

பெண் கொடுப்பார்களா என்ற உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. உறவினர் பேச்சு வலிக்கும். அந்த வலியைத் தாங்க வேண்டியவர் நீங்கள், ஐயா. அதைத் தம்பி தோளில் இறக்கிவிடாதீர்கள்.

சனிக்கிழமை மறுபடி வாருங்கள். முதல் அரை மணி நேரம் நான் தம்பியிடம் தனியாகப் பேசுகிறேன். நீங்கள் வெளியே காத்திருந்தால் போதும்.