எக்ஸ்3: கொண்டை ஊசி வளைவில் மட்டும் உதறினால்

அந்த உதறல் கியர்பாக்ஸ் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் வாங்கப் பார்க்கும் பழைய 2018 டீசல் பிஎம்டபிள்யூ எக்ஸ்3, நேரே போகும்போது வெண்ணெய் மாதிரி, குன்னூர் மலைப்பாதையின் பர்லியார் வளைவுகளில் மட்டும் உதறுகிறது, கியர்பாக்ஸ் போய்விட்டதா என்கிறீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. முன் டயர் புதுசு, பின் டயர் தேய்ந்தது என்றால் சுற்றளவு மாறி, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் ஓயாமல் நழுவிச் சூடாகும்.

நாலு டயரின் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, வேறு வேறு கம்பெனி டயர் என்றாலோ காரணம் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது. பிறகு சமதளத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக ஒரு வட்டம். பிரேக் பிடித்த மாதிரி விட்டுவிட்டு இழுக்கிறதா? அதேதான். நேர் ரோட்டில் கியர் மாறும்போதும் உதறினால் மட்டும் கியர்பாக்ஸ் பக்கம் போங்கள்.

ஒரே மாதிரி நாலு டயர், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் (ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது), மெக்கானிக்கின் ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ரீசெட். பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும். தட்டே தேய்ந்திருந்தால் ஆயில் காப்பாற்றாது. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்) தொல்லைக்காக ஆடி க்யூ7-ஐ வேண்டாமென்று விடுவது நியாயம்தான், எக்ஸ்3-இல் ஸ்பிரிங்தான். ஆனால் குன்னூர் குளிரில் தினம் 3 கி.மீ. ஓட்டம் என்றால் எந்த பிராண்ட் டீசலுக்கும் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைக்கும். ஸ்கேனரில் கரி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.